காலம் கடந்து வந்த தாய்

(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை சாவதைக் கதையில் எழுதுவது மிகவும் சுலபம்; அதற்காகப் பெற்றவர்களை அழவைப்பது அதைவிடச் சுலபம். ஒரு கட்டில், ஒரு மருந்துப் புட்டி, தலைமாட்டில் ஒரு தாய், இவ்வளவையும் வைத்துவிட்டால் வாசகர் கண் கலங்கியே தீரும் என்பதை அறிந்த எழுத்தாளர்கள் எல்லாத் தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட துக்கம் வேறு. பிள்ளை இருந்தது, பெற்றவரும் இருந்தார், இருவருக்கும் நடுவே வருஷக்கணக்கில் நாட்களும் இருந்தன, அந்த நாட்களைப் பெற்றவரே கைநழுவ விட்டார், அதை அவர் உணர்ந்து ஓடிவருகிறபோது பிள்ளையிடம் மிஞ்சியிருப்பவை சில நாழிகைகள் மாத்திரமே. இந்தச் சந்தர்ப்பத்தைத் தொடத் துணிந்த கவிகள் அதிகம் பேர் இல்லை. செத்த பிள்ளைக்கு அழ ஒப்பாரி உண்டு, சடங்கு உண்டு, சுற்றி அமர்ந்து அழ உறவினர் உண்டு. தானே பாழாக்கிய காலத்துக்கு அழுகிறவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் வாயைத் திறந்தால் அது தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்வதாகவோ, தனக்குத் தானே மன்னிப்பு வழங்கிக்கொள்வதாகவோ முடிந்துவிடுகிறது. ஆகவே உத்தமமான கவிகள் அந்த இடத்தில் பேச்சைக் குறைத்து, பெற்றவர் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காரியம் பிள்ளை பிறந்த அன்றே செய்திருக்க வேண்டியதாக இருப்பதே அதன் கொடுமை. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த திருஷ்டாந்தம் பாரதத்துக் குந்தி.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும். கன்னிப் பருவத்தில், துர்வாசர் உபதேசித்த மந்திரத்தைச் சோதித்துப் பார்க்கப்போய்ச் சூரியனால் பெற்ற குழந்தையைக் குந்தி பேழையில் வைத்து அசுவ நதியில் விட்டாள். அது சர்மண்வதியையும் யமுனையையும் கடந்து கங்கையில் மிதந்து சம்பா நகரத்தருகே வந்தபோது, அதிரதன் என்னும் சூதனும் அவன் மனைவி ராதையும் எடுத்து வளர்த்தார்கள். குந்தியும் ஒரு விதத்தில் கைமாறிய குழந்தையே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூரசேனன் மகளாய்ப் பிறந்து பிருதை என்று பெயர் பெற்றவளை அவன் குந்திபோஜனுக்குக் கொடுத்துவிட்டான். பந்து விளையாடித் திரிந்த வயதில், பணக்காரர் பொருளை எடுத்துத் தானம் செய்வதுபோல் என் தகப்பன் என்னைக் கொடுத்துவிட்டானே என்று, தூது வந்த கண்ணனிடம் அவள் முதுமையிலே சொல்லி வருந்துவதை உத்தியோக பருவத்தில் காண்கிறோம். தகப்பன் தனக்குச் செய்ததை ஆயுள் முழுவதும் மறவாத ஒருத்தி, தான் தன் பிள்ளைக்குச் செய்ததை மறந்திருக்க முடியுமா? வியாசர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்தப் புலம்பலை முதலில் வைத்துவிட்டு, அதன் பின் அவளைக் கர்ணனிடம் அனுப்புகிறார்.

அதற்கு முன் அவள் மகனைப் பார்த்ததே இல்லையா என்றால், பார்த்திருக்கிறாள். ராஜகுமாரர்கள் வித்தை காட்டிய அரங்கத்திலே, கவச குண்டலங்களோடு வந்து நின்ற வாலிபனைக் கண்டதும் அவள் மூர்ச்சித்து விழுந்தாள்; விதுரன் சந்தன நீர் தெளிக்கச் செய்து தெளிவித்தான். அன்று அதே அரங்கில் இன்னொன்றும் நடந்தது. கர்ணனுக்கு அங்க நாட்டு மன்னனாக அபிஷேகம் ஆன சற்று நேரத்துக்கெல்லாம், கிழவனான அதிரதன் கோலை ஊன்றிக்கொண்டு, மேலாடை நழுவ, வியர்த்து நடுங்கி உள்ளே வருகிறான். கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு அபிஷேக ஜலம் சொட்டுகின்ற தலையால் அவனை வணங்குகிறான். கிழவன் கூச்சத்தோடு தன் பாதங்களைத் துணியால் மறைத்துக்கொண்டு, மகனே என்று சொல்லித் தழுவி, ஏற்கெனவே நனைந்திருந்த அந்தத் தலையைத் தன் கண்ணீராலும் நனைக்கிறான். பெற்ற தாய் அதே அரங்கில் இருந்தாள். மகன் அங்க தேசாதிபதியானதைக் கண்டு, வெளியே தெரியாத ஒரு மகிழ்ச்சி அவளுக்குள் வளர்ந்தது என்று மாத்திரம் சொல்லி வியாசர் நகர்ந்துவிடுகிறார். அந்த மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டே அவள் அரண்மனைக்குத் திரும்பினாள்.

நான் அதிகமாக யோசித்துப் பார்ப்பது இதற்கும் பின்னால் வரும் 13 வருஷங்களைத்தான். சூதில் தோற்றுப் பாண்டவர்கள் 12 வருஷம் வனத்துக்கும் ஒரு வருஷம் அஞ்ஞாத வாசத்துக்கும் போனபோது குந்தி அவர்களுடன் போகவில்லை. அஸ்தினாபுரத்தில் விதுரன் மனையில் இருந்துவிட்டாள். ஐந்து பிள்ளைகளும் காட்டில். ஆறாவது பிள்ளை, வயதில் முதலாவது பிள்ளை, துரியோதனனுக்கு உயிர்த்தோழனாக அதே நகரத்துச் சபையில் வந்து போய்க்கொண்டிருக்கிறான். அவள் நினைத்திருந்தால் ஒரு தாதியை அனுப்பி அவனை வரவழைத்திருக்கலாம். ஒரு நாள் அன்னமாவது இட்டிருக்கலாம். லோகாபவாதத்துக்கு அஞ்சினாள் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் திரௌபதியைச் சபையிலே இகழ்ந்து பேசியவன் தன் வயிற்றுப் பிள்ளையே என்பதும் அவள் அறிந்த உண்மை. அந்த 13 வருஷங்களில் இந்த மகனை நினைத்து அவள் மனம் பட்ட பாட்டைக் குறித்து அந்தக் கட்டத்தில் வியாசர் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு தாய் இழந்த காலத்தைக் கவி இதைவிட நன்றாக எப்படிக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு யுத்தம் நிச்சயமாகிறது, அப்போது புறப்படுகிறாள். கங்கைக் கரையிலே கர்ணன் கிழக்கு நோக்கிக் கைகளை உயர்த்தி ஜபம் செய்துகொண்டிருக்கிறான். அவன் ஜபம் முடியும்வரை அவள் பின்னால் காத்து நிற்கிறாள். வெயில் பொறுக்க முடியாமல், வாடிய தாமரை மாலைபோல் துவண்டு, அவனுடைய உத்தரீயத்தின் நிழலில் ஒதுங்குகிறாள். முதுகில் வெயில் காயும்வரை ஜபித்துவிட்டு அவன் திரும்பிப் பார்க்கிறான். மகனுக்கு ஒரு நாளும் தன் முந்தானை நிழலைத் தராத தாய், மகன் மேலாடையின் நிழலுக்கு ஏங்கி நிற்கிறாள். எரிக்கின்ற சூரியனோ அந்தப் பிள்ளையின் தகப்பன். இந்த ஒரு காட்சிக்காகவே வியாசரை மகாகவி என்று சொல்லலாம். ரவீந்திரநாதர் 1900ஆம் ஆண்டையொட்டி இந்தச் சந்திப்பைக் 'கர்ண-குந்தி சம்வாதம்' என்று வங்காளியில் பாடியபோது, வெயிலை நீக்கிவிட்டு அந்திப்பொழுதாக மாற்றினார். இருளில் நின்றால்தான் அந்தத் தாய்க்கு நா எழும் என்று அவர் கருதினார் போலும். அழகான மாற்றம் அது. ஆனாலும் வியாசருடைய வெயிலுக்கே என் ஓட்டு.

கர்ணன் அவளை மன்னிக்கவில்லை என்பதை நாம் மழுப்பக் கூடாது. தாய் செய்ய வேண்டியதை நீ எனக்கு ஒருபோதும் செய்யவில்லை, இன்றும் உன் நன்மைக்காகவே வந்திருக்கிறாய் என்ற கருத்தில் நேருக்கு நேராகவே சொல்கிறான். ஆனாலும் அர்ச்சுனன் நீங்கலாக மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்று வாக்களித்து, அர்ச்சுனன் இல்லாவிட்டால் நான், நான் இல்லாவிட்டால் அர்ச்சுனன், எப்படியும் உனக்குப் பிள்ளைகள் ஐவர் என்று கணக்கும் சொல்லி அனுப்புகிறான். இதற்குச் சில நாள் முன்பு கண்ணனிடம் பேசும்போது அவன் ராதையைப் பற்றிச் சொன்னது இன்னும் முக்கியமானது. என்னைக் கண்ட மாத்திரத்தில் அன்பினால் ராதைக்குப் பால் சுரந்தது. என் மலமூத்திரங்களை எடுத்தவள் அவள். அவளுக்குப் பிண்டம் இல்லையென்று நான் எப்படிச் செய்வேன் என்று கேட்கிறான். பாலும் அசுத்தமும் என்று இரண்டை மாத்திரம் எடுத்துச் சொன்னான். தாய்மைக்கு அவன் அறிந்த அத்தாட்சிகள் அவையே. வியாச பாரதத்தில் கர்ணன் குடித்த பால் ராதையினுடையது. குந்திக்கு அதில் பாத்தியதை இல்லை.

இனி நம் வில்லிபுத்தூரார் என்ன செய்தார் என்று பாருங்கள். ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன், நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் பாரதம் பாடிய அவர், இந்தப் பாலை எடுத்துக் கதையின் மறுமுனையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அவருடைய காவியத்தில் குந்தி வந்து, நான் உன் தாய் என்றதும் கர்ணன் நம்பிவிடுவதில்லை. அவனைத் தன் மகன் என்று பொய் சொல்லிக்கொண்டு முன்பே சில பெண்கள் வந்திருக்கிறார்கள். தேவர்கள் கொடுத்த ஒரு துகில் அவனிடம் இருக்கிறது. பெற்றவள் அல்லாதவள் அதை உடுத்தினால் எரிந்துபோவாள். குந்தி அதை உடுத்து நிற்கிறாள், எரியவில்லை. ராஜமாதாவான ஒரு கிழவி, தான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் பரீட்சைக்கு நிற்கிறாள்! தாய் என்று நிச்சயமான பிறகு, அவள் கேட்ட வரங்களை அவன் தருகிறான்: நாகக் கணையை அர்ச்சுனன்மேல் இரண்டாம் முறை விடுவதில்லை, மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்கிறான். பிறகு அவன் அவளிடம் கேட்கிறான். என் பிறப்பைப் பாண்டவரிடம் இப்போது சொல்லாதே. பார்த்தன் கணையால் நான் களத்தில் விழுந்தால், அங்கே வந்து, என்னை எடுத்து, உன் முலைப்பாலைக் கொடுத்து, இவன் என் மகன் என்று உலகம் அறியச் சொல் என்பது அவன் வேண்டுகோள்.

வியாசரிடம் இது கிடையாது. தமிழில் இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது கருணை. இரண்டாவதாகத் தோன்றுவது பயங்கரம். கருணை எதுவென்றால், இழந்த காலத்துக்குப் பிராயச்சித்தம் தேடும் வழி அறியாமல் வந்தவளுக்கு, இழந்தவனே வழி சொல்லிக் கொடுக்கிறான். தாய் தனக்குப் பால் கொடுக்க வேண்டிய நாளைப் பிள்ளையே குறித்துத் தருகிறான். பயங்கரம் எதுவென்றால், அந்த நாள் வர வேண்டுமானால் ஒரு மகன் கையால் இன்னொரு மகன் சாக வேண்டும். கர்ணன் ஜெயித்தால் அவன் அவளுக்குக் கிடைக்க மாட்டான். தோற்று விழுந்தால் கிடைப்பான். அத்துடன் அவள் வாயையும் அவன் கட்டிவிட்டான். எஞ்சியிருந்த கொஞ்ச நாட்களும் ஆகவே இழந்த நாட்களோடு சேர்ந்துபோயின. பீஷ்மர் சேனாபதியாய் இருந்த முதல் பத்து நாளும் கர்ணன் போருக்கே வரவில்லை. பதினோராம் நாள் வந்தான். பதினாறாம் நாள் சேனாபதியானான். பதினேழாம் நாள் விழுந்தான். ஒவ்வொரு நாளும் அஸ்தமனத்தில் களத்திலிருந்து சேதி வரும். எந்தச் சேதிக்கு அவள் காத்திருப்பது? எந்தச் சேதி வராமல் இருக்க வேண்டுமென்று எந்தத் தெய்வத்தை வேண்டுவது?

பதினேழாம் நாள் அவள் ஓடிவருகிறாள். கூந்தல் அவிழ, பிணங்களையும் தேர்ச்சில்லுகளையும் கடந்து வந்து, தன் புண்ணியம் அனைத்தையும் யாசகனாக வந்த கண்ணனுக்குத் தாரை வார்த்துவிட்டுக் கிடக்கின்ற மகனை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள், முதிர்ந்த மார்பில் பால் சுரக்கிறது, ஊட்டுகிறாள், மகனே என்று கதறுகிறாள், பாண்டவர்கள் திகைத்து நிற்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட ஒருத்திக்குப் பால் சுரப்பதாவது என்று கேட்கிற விமரிசகர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வடபாலுள்ள நம் ஜில்லாக்களில் திரௌபதியம்மன் கோயில் முன்பு விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்துப் பார்க்கிற ஜனங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 1964இல் பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்திலே சிவாஜி கணேசனை ராஜம்மா மடியில் தாங்கி அழுதபோது கொட்டகையில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

வில்லியார் இப்படிச் செய்ததற்குக் காவியத்தின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. அவர் 18 பருவங்களையும் பாடவில்லை. பத்தாவதான சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டார். வியாசருடைய குந்தி உண்மையைச் சொல்வது பதினோராவதான ஸ்திரீ பருவத்தில். களத்திலேயே அவளை வாய் திறக்கச் செய்யாமல் இருந்திருந்தால், வில்லி பாரதத்துக் குந்தி எந்தக் காலத்திலும் சொல்லியிருக்கவே மாட்டாள். கர்ணன் சூத புத்திரனாகவே எரிந்திருப்பான். அந்த அநியாயத்தைத் தமிழ்க் கவியின் ஹிருதயம் சகிக்கவில்லை.

பால் என்றதும் மேல்நாட்டு நாவல் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சற்று அங்கே போய்வருவோம். சார்லஸ் டிக்கன்ஸ் 1846 முதல் 1848 வரை மாதப் பகுதிகளாக வெளியிட்ட 'டாம்பி அண்ட் சன்'. லண்டன் வியாபாரியான டாம்பிக்குத் தன் கம்பெனிப் பலகையில் 'மகனும்' என்ற சொல் உண்மையாக வேண்டும் என்பதே வாழ்வின் லட்சியம். பால் (Paul) என்ற மகன் பிறக்கிறான், தாய் இறந்துவிடுகிறாள். ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் தொழிலாளி ஒருவனின் மனைவி பாலி, தன் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் பால் கொடுக்க வருகிறாள். டாம்பி அவளுடன் செய்யும் ஒப்பந்தம் உலக இலக்கியத்திலேயே விசித்திரமானது: குழந்தையிடம் நீ பாசம் வைக்கத் தேவையில்லை, குழந்தையும் உன்மேல் வைக்க வேண்டாம், வேலை முடிந்ததும் போய்விட வேண்டியது, உன் பெயரும் இங்கே ரிச்சர்ட்ஸ். பிறகு ஒரு தப்புக்காக அவளை வேலையிலிருந்து நீக்கியும் விடுகிறான். பிள்ளை சீக்கிரம் வளர்ந்து கூட்டாளியாக வேண்டும் என்ற அவசரத்தில் பிரைட்டனுக்கு அனுப்பி, லத்தீன் இலக்கணத்தை அந்தச் சின்னத் தலையில் ஏற்றுகிறார்கள். பையன் நலிந்து வீடு திரும்பிப் படுக்கையில் விழுகிறான்.

மரணக் கட்டிலைச் சுற்றி டிக்கன்ஸ் எழுப்புகிற நதியும் அலையும் எனக்கு உவப்பல்ல. அழவைப்பதில் அவருக்கு இருந்த ஆசை ஊரறிந்தது. ஆனால் அங்கே இரண்டு இடங்கள் உண்டு. கட்டிலின் கால்மாட்டில் ஓர் உருவம் தலையைக் கையில் தாங்கி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பையன் தன் அக்காளிடம் அது என்ன என்று கேட்கிறான். யார் என்றுகூடக் கேட்கவில்லை. அது அப்பா. மற்றொன்று, தனக்குப் பால் கொடுத்தவளைப் பார்க்க வேண்டும் என்று பையன் கேட்கிறான்; பாலியைத் தேடி அழைத்து வருகிறார்கள்; கண்டதும் அவளைத் தெரிந்துகொள்கிறான். அவ்வளவு பணத்தையும் எண்ணிக் கொடுத்து, மறந்துவிட வேண்டும் என்று ஷரத்தும் போட்ட டாம்பி அதை அருகில் இருந்து பார்க்கிறான். அவன் கைக்கு டிக்கன்ஸ் ஒரு காரியமும் கொடுக்கவில்லை. குந்திக்கு வில்லியார் கொடுத்த பால் டாம்பிக்கு இல்லை. அது அவனுடையதாக இருக்கவும் முடியாது. இங்கிலீஷ்காரரின் நியாயம் கடுமையானது.

ஆனால் அதைக் காட்டிலும் கடுமையானது வியாசருடைய நியாயம். இவ்வளவு தூரம் வில்லியாரைப் புகழ்ந்த பிறகும் முடிவாக நான் அங்கேதான் போய் நிற்கிறேன். வியாசர் குந்தியைக் களத்துக்கு அனுப்பி மகனை மடியில் ஏந்த விடுவதில்லை. யுத்தம் முடிந்து, கங்கைக் கரையில் எல்லோரும் இறந்தவர்களுக்கு ஜலதர்ப்பணம் செய்துகொண்டிருக்கும்போது, அவள் அழுதுகொண்டே பிள்ளைகளைப் பார்த்து, கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் தமையன் என்கிறாள். எந்தக் கங்கையில் அந்தப் பேழை மிதந்து போயிற்றோ அந்தக் கங்கையின் தண்ணீரில் ஒரு கைப்பிடி! அவள் அவனுக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவே. அதையும் தன் கையால் அல்ல, இன்னொரு பிள்ளையின் கையால் கொடுக்கிறாள். நாங்கள் முன்பே அறிந்திருந்தால் இந்த நாசமே வந்திராதே என்று தருமன் பாம்புபோல் பெருமூச்சு விடுகிறான். பிற்பாடு, சாந்தி பருவத்தில், பெண்களுக்கு இரகசியம் தங்காமல் போகட்டும் என்று சாபமும் இடுகிறான். தருமன் சொன்னான் என்பதற்காக அந்தச் சாபத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பெண்ணை அத்தனை வருஷம் மௌனத்தில் பூட்டிவைத்த உலகத்தைச் சபிக்காமல் அவன் பெண் குலத்தைச் சபித்தது அதர்மமே.

ஆனால் அதே சாந்தி பருவத்தின் ஆரம்பத்தில் நாரதரிடம் அவன் சொல்கிற ஒரு செய்திக்காக அவனிடம் எனக்கு இரக்கம் உண்டாகிறது. சூது மண்டபத்தில் கர்ணன் சுடுசொற்களைச் சொல்லக் கேட்டுத் தனக்குக் கோபம் பொங்கியதாகவும், ஆனால் கர்ணனுடைய பாதங்களைப் பார்த்தவுடன் அந்தக் கோபம் தணிந்துவிட்டதாகவும், அவை தாயின் பாதங்களைப் போலவே இருந்தனவென்றும், அந்த ஒற்றுமைக்குக் காரணம் என்னவென்று எவ்வளவோ தேடியும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையென்றும் சொல்கிறான். தினமும் வணங்கி எழுந்த பாதங்கள் அல்லவா? அந்த இரண்டு ஜோடிக் கால்களையும் பார்த்திருந்தவன், தன் தாயிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, கர்ணனுக்குச் சாபம் எப்படி வந்தது, அவன் தேர்ச்சக்கரத்தைப் பூமி ஏன் விழுங்கியது, நடந்ததை எல்லாம் சொல்லும் என்று நாரதரைக் கேட்கிறான். நாரதர் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.